இறக்குமதி வரி யார் தலையில் விடிகிறது?

“அந்த நாட்டின் மேல் 25 சதவீத வரி” என்று செய்தித் தலைப்பைப் பார்த்ததும், அந்த நாட்டு அரசாங்கமே பணத்தை எண்ணி வைக்கப்போகிறது என்று தோன்றும். அப்படி யாரும் எண்ணி வைப்பதில்லை. வரி போட்ட நாட்டில் இருக்கிற இறக்குமதியாளர், தன் நாட்டுச் சுங்கத் துறைக்கு, தன் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுகிறார். சரக்கை அனுப்பியவர் அந்த ரசீதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ‘டி.டி.பி.’ என்றொரு விற்பனை நிபந்தனை உண்டு. அதில் விற்பவரே வரியையும் கட்டிச் சரக்கை வாசல் வரை கொண்டுவந்து தருவார். அப்போதும் அந்தத் தொகை விலையில் ஏறித்தான் வரும்.

கட்டுகிறவர் யார் என்பது ஒரு கேள்வி, சுமக்கிறவர் யார் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதில் பொருளுக்குப் பொருள் மாறும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு சரக்கைத் துறைமுகத்திலிருந்து கடை வரை தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். 1,000 மேசை மின்விசிறிகளை எடுத்துக்கொள்வோம்.

விகிதம் வருமுன் மூன்று கேள்விகள்

இது என்ன பொருள், இதன் மதிப்பு என்ன, எந்த நாட்டில் உருவானது? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் வரி விகிதம் அட்டவணையிலிருந்து தானாக வந்துவிடும். சுங்கத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைப் பற்றியவைதான்.

பொருளை அடையாளம் காட்டுவது எச்.எஸ். கோடு, அதாவது சரக்குகளை வகை பிரித்து எண் கொடுத்திருக்கும் பட்டியலில் அதன் எண். பிரஸ்ஸல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பு இந்தப் பட்டியலைப் பராமரிக்கிறது. 1988 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு அப்புறம் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இரண்டோ நான்கோ இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். நம் விசிறி 84-ஆம் அத்தியாயம், அதாவது இயந்திரங்கள். அதில் 8414 என்பது பம்பு, கம்ப்ரசர், விசிறி வகையறா. 8414.51 என்பது மேசை, தரை, சுவர், ஜன்னல், கூரை விசிறிகள். மோட்டார் விசிறிக்குள்ளேயே இருக்க வேண்டும், அதன் வெளியீட்டுத் திறன் 125 வாட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 8414.59.

இந்த 125 வாட்டில் கால் இடறுகிறவர்கள் உண்டு. விசிறிப் பெட்டியில் அச்சடித்திருப்பது வழக்கமாக அது இழுக்கும் மின்சாரம். கோடு கேட்பதோ மோட்டார் வெளியே தரும் திறனை. பெட்டியில் 140 வாட் என்று இருந்தாலும் வெளியீடு 125-க்குக் கீழே இருக்கலாம். தயாரிப்பாளரிடம் மோட்டாரின் தொழில்நுட்பத் தாளை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அரை நாளில் முடிகிற விஷயம். வாங்கவில்லை என்றால் கன்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கக் கிடக்க டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும்.

அதே விசிறியில் தண்ணீர்த் தொட்டியும் ஈரத் திண்டும் சேர்ந்து அது ஏர் கூலராகிவிட்டால் 8479.60. அறையைச் சூடாக்கும் ஹீட்டரே அதன் முக்கிய வேலை, விசிறி அதற்குத் துணை என்றால் 8516. சிலர் விசிறியைக் கழற்றி, தண்டு ஒரு பெட்டியிலும் இறக்கை ஒரு பெட்டியிலுமாக ஒரே சரக்கில் அனுப்பச் சொல்லி, ‘உதிரிபாகம்’ என்று 8414.90-இல் காட்டப் பார்ப்பார்கள். பட்டியலோடு சேர்ந்த ஆறு விளக்க விதிகளில் இரண்டாவது விதி இந்தக் கதவை அடைத்துவிடுகிறது. சேர்த்து மாட்டினால் முழுப் பொருளாகிவிடும் என்றால், பிரித்து வந்தாலும் அது முழுப் பொருள்தான்.

கோடு மாறினால் பணம் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு வழக்குகள் பிரபலம். 1893-இல் தக்காளி பழமா காய்கறியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. காய்கறிக்கு 10 சதவீத வரி, பழத்துக்கு வரி இல்லை. தாவரவியல் என்ன சொன்னாலும் சாப்பாட்டில் அதன் இடம் காய்கறியின் இடம்தான் என்று தீர்ப்பு வந்தது. 2003-இல் இன்னொரு வழக்கு: எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் நாயகர்களின் உருவங்கள் மனித பொம்மைகளா, வெறும் விளையாட்டுச் சாமானா? மனித உருவம் என்றால் 12 சதவீதம், இல்லையென்றால் 6.8. அவை மனிதர்கள் அல்ல என்று இறக்குமதி செய்த கம்பெனியே வாதாடி ஜெயித்தது.

ஃபோர்டு நிறுவனத்தின் வழக்கு இதைவிடச் சுவாரசியம். 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறி மீது வரியை ஏற்றியது. பதிலுக்கு அமெரிக்கா சிறிய சரக்கு வண்டிகள் உட்படச் சில பொருள்கள் மேல் 25 சதவீதம் போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது. வண்டி மேல் போட்ட வரி ஓயவில்லை. பயணிகள் காருக்கு 2.5 சதவீதம், சரக்கு வண்டிக்கு 25 என்று இருந்த காலத்தில், ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் வண்டிகளைத் துருக்கியிலிருந்து பின் இருக்கைகளோடும் ஜன்னல்களோடும் கொண்டுவந்தது. சுங்கத்தைத் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னலை அடைத்து, சரக்கு வண்டியாக விற்றது. 2013-இல் சுங்கத் துறை இது ஏற்கத்தக்கதல்ல என்றது. வழக்கு நீண்டு, 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபோர்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024-இல் 36.5 கோடி டாலர் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வரியைப் பார்த்துப் பொருளை வடிவமைப்பது குற்றமில்லை. துறைமுகத்துக்காக மட்டும் ஒரு வேஷம் போடுவதில்தான் வம்பு. அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது வழக்கு முடிந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இரண்டாவது கேள்வி மதிப்பு. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தப்படி, வாங்கியவர் உண்மையில் கொடுத்த விலை அல்லது கொடுக்க வேண்டிய விலைதான் அடிப்படை. ஆனால் இன்வாய்ஸில் உள்ள தொகையோடு கணக்கு முடிந்துவிடாது. விசிறி மூடியை வார்க்கும் அச்சை இறக்குமதியாளரே செய்து, தொழிற்சாலைக்கு இலவசமாகக் கொடுத்திருந்தால் அந்த அச்சின் விலையையும் பங்கிட்டுச் சேர்க்க வேண்டும். பிராண்டு பெயருக்கு ராயல்டி கொடுப்பதாக இருந்து, அது இந்த விற்பனையின் நிபந்தனை என்றால் அதையும் சேர்க்க வேண்டும். விற்பவரின் ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷன் சேரும். வாங்குபவர் தனக்காக வைத்துக்கொண்ட ஏஜென்டின் கமிஷன் சேராது. சரக்கு வந்து இறங்கிய பிறகு பேசி வாங்கிய தள்ளுபடி பொதுவாக மதிப்பைக் குறைக்காது. அச்சு விஷயத்தில்தான் நேர்மையான கம்பெனிகள்கூட மாட்டிக்கொள்கின்றன. அச்சுக்கான செலவு வடிவமைப்புப் பிரிவின் கணக்கில் இருக்கும், இறக்குமதி பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. மூன்று வருடம் கழித்துத் தணிக்கையில் வரும்போது, வட்டியும் அபராதமும் அசலை விழுங்கியிருக்கும்.

கப்பல் கட்டணமும் காப்பீடும் மதிப்பில் சேருமா என்பது நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா போன்றவை சேர்க்கும். அமெரிக்கா சேர்க்காது. ஒரே 20 சதவீதம் இரண்டு இடத்திலும் ஒரே தொகை ஆகாது.

மூன்றாவது, பிறந்த நாடு. கப்பல் எங்கிருந்து கிளம்பியது என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒரு நாட்டில் செய்த விசிறியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டி மாற்றி அனுப்பினால் பிறப்பு மாறாது. அங்கே அது வேறு பொருளாக உருமாற வேண்டும், அல்லது நாடுகள் வரிச் சலுகைக்காகச் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தில் சொன்ன அளவு மதிப்பு அங்கே கூட வேண்டும். பல வர்த்தக ஒப்பந்தங்களில் இப்படி ஒரு கணக்கு வரும்: விற்பனை விலையிலிருந்து வெளிநாட்டு உதிரிபாகங்களின் விலையைக் கழி, மீதி, விற்பனை விலையில் எத்தனை சதவீதம் என்று பார். விசிறி 20 டாலர். வெளியே வாங்கிய மோட்டார் 9, இறக்கை 2. மீதி 9, அதாவது 45 சதவீதம். ஒப்பந்தம் 40 கேட்டால் சலுகை உண்டு. அடுத்த பருவத்தில் மோட்டார் விலை 10.50 ஆகிறது, விசிறி விலை மட்டும் அப்படியே நிற்கிறது. மீதி 7.50, அதாவது 37.5 சதவீதம். தொழிற்சாலையில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, சலுகை மட்டும் போய்விட்டது. பிறப்பிடச் சான்றிதழை ஒரு தடவை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, விலை மாறும்போது கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்காதவர்களுக்கு இது நடக்கும்.

சான்றிதழில் உள்ள கோடும் இன்வாய்ஸில் உள்ள கோடும் பொருந்தாமல் போவது, சரக்கு நேராக வராமல் வழியில் வேறு நாட்டில் பிரிக்கப்பட்டது, மூன்றாம் நாட்டுக் கம்பெனி இன்வாய்ஸ் போட்டதைச் சான்றிதழில் குறிப்பிடாதது ஆகிய காரணங்களாலும் சலுகை நிராகரிக்கப்படுவது சகஜம். சாதாரண விகிதம் 3 சதவீதம், ஒப்பந்த விகிதம் சுழியம் என்று இருக்கும்போது, இந்தக் காகித வேலைக்கே 3 சதவீதம் செலவாகிறது என்று சலுகையைக் கேட்காமலே விட்டுவிடுகிற இறக்குமதியாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கணக்கு

1,000 விசிறிகள், ஒன்று 20 டாலர். இன்வாய்ஸ் 20,000. கப்பல் கட்டணம் 1,800, காப்பீடு 200. சுங்க மதிப்பு 22,000. வரி 20 சதவீதம், அதாவது 4,400. இதோடு நிற்காது. உள்நாட்டு மதிப்புக் கூட்டு வரியை இறக்குமதியின்போதே வசூலிக்கும் நாடுகள், அதைச் சுங்க வரியும் சேர்ந்த தொகையின் மேல் போடும். 15 சதவீதம் என்று வைத்தால் 26,400-க்கு 3,960. ஆக ஒரு விசிறியும் விற்காத நிலையில், துறைமுகத்தில் 8,360 டாலர் கட்ட வேண்டும்.

இந்த இரண்டு வரியும் ஒன்றல்ல. 3,960 பின்னால் வரவாகத் திரும்பிவிடும். இறக்குமதியாளர் விற்கும்போது வசூலிக்கும் வரியில் அதைக் கழித்துக்கொள்வார். 4,400 திரும்பாது. அது அடக்கவிலையில் ஏறிப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பேசும் கட்டுரைகளைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

இறக்கு கூலி, சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் கட்டணம், லாரி எல்லாம் சேர்த்து 900 என்று வைப்போம். அடக்கவிலை 27,300, விசிறிக்கு 27.30. வரி இல்லாவிட்டால் 22.90. வித்தியாசம் 4.40.

இனி கடை வரை போவோம். மொத்த வியாபாரி அடக்கவிலை மேல் 25 சதவீதம் வைக்கிறார், சில்லறைக் கடைக்காரர் 30 சதவீதம். விற்பனை வரியைத் தள்ளி வைத்துப் பார்த்தால், வரி உள்ள விசிறி கடையில் 44.36. வரி இல்லாதது 37.21. அரசுக்குப் போனது 4.40, வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்தது 7.15. வழியில் இருந்த இருவரும் சதவீதக் கணக்கில் லாபம் வைத்ததால் வரியும் பெருகிவிட்டது. அவர்கள் விசிறிக்கு இத்தனை டாலர் என்று நிலையான தொகை வைத்திருந்தால் கடை விலை 41.61-இல் நின்றிருக்கும். அதே 20 சதவீத வரிக்குக் கடை விலை ஒரு கணக்கில் 19 சதவீதம் ஏறுகிறது, இன்னொரு கணக்கில் 12 சதவீதத்துக்குள் அடங்குகிறது. போட்டி கடுமையாக இருந்தால் இரண்டாவது நடக்கும். பழக்கத்தில் விலை போடுகிற கடைகளில் முதலாவது நடக்கும்.

வரி திடீரென 20-இலிருந்து 45 சதவீதமாக ஏறினால்? சுங்க வரி 9,900, அதன் மேல் மதிப்புக் கூட்டு வரி 4,785. துறைமுகத்தில் கட்ட வேண்டியது 8,360-இலிருந்து 14,685 ஆகிறது. லாபநஷ்டத்தைப் பேசுமுன் கையிருப்பு தீர்ந்துவிடும். சரக்கு விற்று, கடைக்காரர் பணம் தர 60, 90 நாள் ஆகும். அமெரிக்காவில் இன்னொரு இடி உண்டு. இறக்குமதியாளர் சுங்கத்துக்கு ஒரு பிணைப் பத்திரம் கொடுத்து வைக்க வேண்டும். அதன் அளவு கடந்த 12 மாதங்களில் கட்டிய வரி, கட்டணங்களில் 10 சதவீதம், குறைந்தது 50,000 டாலர். வரி இரண்டு மடங்கானால் பழைய பத்திரம் போதாது. புதுப் பத்திரத்துக்குக் காப்பீட்டுக் கம்பெனி ரொக்க ஈடு கேட்கும். பெரிய கம்பெனி இதைச் சமாளிக்கும். வருடத்துக்கு நாலு கன்டெய்னர் கொண்டுவருகிறவர் இங்கேயே சிக்கிவிடுவார்.

சுமை எங்கே இறங்குகிறது

எல்லாக் கைகளிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இவருக்கு விலகிப்போக வேறு வழி இருக்கிறதா? வழி இல்லாதவர் மேல்தான் சுமை இறங்கும்.

விசிறி செய்யும் தொழிற்சாலைக்கு வேறு நாடுகளிலும் வாடிக்கையாளர்கள் இருந்தால் விலையைக் குறைக்காது. வரி போட்ட நாடுதான் அதன் பெரிய சந்தை, இயந்திரங்களைச் சும்மா போட முடியாது என்றால் குறைக்கும். 2018-இல் அமெரிக்கா போட்ட வரிகளை ஆராய்ந்த மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெட்டிங், டேவிட் வைன்ஸ்டைன் மூவரும், வரி கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர் கொடுக்கும் விலையில் ஏறியதைக் கண்டார்கள். வெளிநாட்டு விற்பனையாளர்கள் விலையை அசைக்கவில்லை. எஃகு மட்டும் போகப்போக வேறு மாதிரி நடந்துகொண்டது. அங்கே வெளிநாட்டு ஆலைகள் வரியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டன. அதே காலத்துக் கடை விலைகளை ஆராய்ந்தவர்கள் (கீதா கோபிநாத் அந்தக் குழுவில் ஒருவர்) இன்னொன்றைப் பார்த்தார்கள். துறைமுகத்தில் ஏறிய அளவுக்குக் கடையில் ஏறவில்லை. இடையில் இருந்த கடைகள் கொஞ்ச காலம் தங்கள் லாபத்தில் அதைக் கரைத்துக்கொண்டன.

வரி கட்டாத பொருளின் விலையும் ஏறும் என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். 2018 பிப்ரவரியில் அமெரிக்கா இறக்குமதியாகும் சலவை இயந்திரங்கள் மேல் வரி போட்டது. வருடத்தில் முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம், அதைத் தாண்டினால் 50 சதவீதம். ஃப்ளாயன், ஹோர்தாச்சு, டின்டெல்நாட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் விலைகளைப் பின்தொடர்ந்தார்கள். சலவை இயந்திர விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே கிடையாது. அதன் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது. அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவது வழக்கம் என்பதால், ஏற்ற வேண்டியதைக் கம்பெனிகள் இரண்டின் மேலும் பிரித்து ஏற்றின. உள்நாட்டிலேயே செய்தவர்களும் விலையை ஏற்றினார்கள். வெளிநாட்டுக்காரன் விலை ஏறிவிட்டபோது தன் விலையை இறக்கி வைக்க அவர்களுக்கு என்ன அவசியம்? நுகர்வோர் வருடத்துக்குச் சுமார் 150 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அரசின் கைக்கு வந்தது சுமார் 8.2 கோடி. ஏறக்குறைய 1,800 வேலைகள் உருவாயின. ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்தது சுமார் 8,15,000 டாலர் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

அந்த 1,800 பேருக்கு வேலை கிடைத்தது நிஜம். தொழிற்சாலை வந்த ஊருக்கு அது பெரிய விஷயம். லாபம் ஒரே இடத்தில் குவிந்து பளிச்சென்று தெரியும். செலவு கோடிக்கணக்கானவர்களிடம் சில டாலர்களாகச் சிதறிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வரிக்கு ஆதரவு திரட்டுவது எளிதாகவும் எதிர்ப்பைத் திரட்டுவது கடினமாகவும் இருப்பது இதனால்தான்.

அடுத்து, அந்தப் பொருளை மூலப்பொருளாக வாங்குகிறவர்கள். இது இறுதிப் பொருள் மேல் போடும் வரியைவிடக் கொடியது. கணக்கு எளிது: ஒரு பொருள் 100-க்கு விற்கிறது, மூலப்பொருள் 80, தொழிற்சாலை தன் உழைப்பால் சேர்ப்பது 20. இறுதிப் பொருள் மேல் 10 சதவீத வரி, மூலப்பொருளுக்கு வரி இல்லை என்றால், உள்நாட்டுத் தொழிற்சாலை 110-க்கு விற்க முடியும். அதன் பங்கு 20-இலிருந்து 30 ஆகிறது. காகிதத்தில் 10 சதவீதமாக இருந்த வரி நிஜத்தில் 50 சதவீதப் பாதுகாப்பு. இதையே திருப்பிப் போடுவோம். மூலப்பொருள் மேல் 10 சதவீதம், இறுதிப் பொருளுக்கு வரி இல்லை. மூலப்பொருள் 88 ஆகிறது, விற்பனை விலை 100-ஐத் தாண்ட முடியாது, தொழிற்சாலையின் பங்கு 12. சொந்த அரசே தன் தொழிற்சாலையின் வருமானத்தில் 40 சதவீதத்தை வெட்டிவிட்டது. இந்தத் தலைகீழ் அமைப்பு யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. எஃகு ஆலைக்காரர் ஒரு வருடம் வந்து கேட்டு வாங்குவார், மோட்டார் செய்பவர் இன்னொரு வருடம். விசிறி செய்பவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு யாருக்கும் தோன்றியிருக்காது.

ஏற்றுமதியாளர்களும் தப்புவதில்லை. இறக்குமதி மேல் போடும் பொது வரி, நீண்ட காலத்தில் ஏற்றுமதி மேல் போட்ட வரியைப் போலவே வேலை செய்யும் என்று பொருளாதார அறிஞர் ஆபா லெர்னர் 1936-இல் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வாங்குவது குறைந்தால், வெளிநாட்டவர் கையில் நம் பணமும் குறையும்; அவர்கள் நம்மிடம் வாங்குவதும் குறையும். இது மெதுவாக நடக்கிற வழி. பதிலடி என்பது உடனடி வழி. 2018-இல் சீனா அமெரிக்கச் சோயா மேல் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டதும் வாங்குவதைப் பிரேசில் பக்கம் திருப்பியது. அமெரிக்க அரசு விவசாயிகளுக்கு 2018-இல் 1,200 கோடி டாலர், 2019-இல் 1,600 கோடி டாலர் உதவி அறிவிக்க வேண்டிவந்தது. அமெரிக்காவின் எஃகு வரிக்குப் பதிலடியாக ஐரோப்பா, ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள் மேலிருந்த 6 சதவீதத்தை 31 ஆக்கியது. ஐரோப்பாவுக்கான உற்பத்தியை அமெரிக்காவுக்கு வெளியே மாற்றப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. எஃகைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கையில் அடிபட்டது மோட்டார் சைக்கிள்.

ஒரு நாட்டின் மேல் மட்டும் வரி போடுவதில் இன்னொரு ஓட்டை. ‘அ’ நாட்டு விசிறி 20 டாலர், 20 சதவீத வரியோடு 24. ‘ஆ’ நாட்டு விசிறி 22, வரி இல்லை. (கணக்கு எளிதாக இருக்கக் கப்பல் செலவை விட்டுவிட்டேன்.) இறக்குமதியாளர் ‘ஆ’ நாட்டில் வாங்குவார். வாங்குபவருக்கு 2 டாலர் கூடுதல் செலவு, உள்நாட்டில் ஒரு தொழிற்சாலையும் திறக்கவில்லை, அரசுக்கு வரி சுழியம். அந்த 2 டாலர் ‘ஆ’ நாட்டுத் தொழிற்சாலையின் கூடுதல் செலவுக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தியில் மட்டும் ‘அ’ நாட்டிலிருந்து இறக்குமதி குறைந்தது என்று வெற்றிச் செய்தி வரும்.

ஏழைக்குக் கூடுதல், பணக்காரருக்குக் குறைவு

வரியைச் சதவீதமாகப் போடலாம், எடைக்கோ எண்ணிக்கைக்கோ இத்தனை என்றும் போடலாம், இரண்டையும் கலக்கலாம். எடைக்குப் போடும் வரியில் விலையைக் குறைத்துக் காட்டி ஏமாற்ற முடியாது என்பதால் சுங்க அதிகாரிகளுக்கு அது பிடிக்கும். ஆனால் கிலோவுக்கு 2 டாலர் என்று துணி மேல் போட்டால், கிலோ 10 டாலர் சட்டைக்கு அது 20 சதவீதம், கிலோ 100 டாலர் சட்டைக்கு 2 சதவீதம். மலிவான சட்டை வாங்குகிறவருக்குப் பத்து மடங்கு விகிதம். பொருளின் விலை விழுந்தாலும் இந்த வரி விழாது. 1930-இல் அமெரிக்கா கொண்டுவந்த ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் இப்படிப்பட்ட வரிகள் நிறைய இருந்தன. பெருமந்தத்தில் விலைகள் சரியச் சரிய, சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாமலே வரியின் பாரம் கூடியது.

சில்லறைப் பார்சல்களில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையாகத் தெரியும். அமெரிக்கா 2016 முதல் 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களை வரியில்லாமல் விட்டது. 2025 மே 2 முதல் சீனப் பார்சல்களுக்கும், ஆகஸ்ட் 29 முதல் மற்ற நாடுகளுக்கும் அது நின்றது. பார்சல் வாங்குபவர் சார்பாகக் கூரியர் கம்பெனி வரியைக் கட்டிவிட்டு, தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வசூலிக்கும். 15 டாலர் பொருளுக்கு வரியைவிடச் சேவைக் கட்டணம் பெரிதாக இருப்பதைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் உண்டு. ஆயிரம் விசிறிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பத்திரம் ஒன்று போதும். ஆயிரம் பார்சலுக்கு ஆயிரம் பத்திரம்.

வரியை எப்போதும் தவறு என்று ஒதுக்கவும் மாட்டேன். வருமான வரி வசூலிக்க ஆள்பலம் இல்லாத ஏழை நாட்டுக்கு, எல்லாச் சரக்கும் ஒரு வாசல் வழியே வரும் துறைமுகம்தான் கைக்கெட்டும் வருமானம். அமெரிக்காவே 1913-இல் வருமான வரிக்கு அரசியல் சட்டத்தில் வழி செய்யும் வரை பெருமளவு சுங்க வரியில்தான் ஓடியது. புதுத் தொழிலுக்குச் சில வருடம் நிழல் கொடுப்பதிலும் நியாயம் இருக்கிறது, முடிவுத் தேதியை முதலிலேயே எழுதி வைத்தால். தேதி இல்லாத பாதுகாப்பு அந்தக் கோழி வரி மாதிரி, அறுபது வருடம் நிற்கும். வருமானமும் வேண்டும், இறக்குமதியும் நிற்க வேண்டும் என்று ஒரே மேடையில் இரண்டையும் சொல்கிறவரை மட்டும் நம்ப வேண்டாம். சரக்கு வந்தால்தான் வரி வரும், வராவிட்டால் வராது.

இறக்குமதியாளர் செய்யக்கூடியவை

கோட்டில் சந்தேகம் இருந்தால், சரக்கைக் கப்பலில் ஏற்றுமுன் சுங்கத் துறையிடம் முன்தீர்ப்பு கேட்டு வாங்கலாம். பெரும்பாலான நாடுகளில் இந்த வசதி உண்டு. எழுத்தில் வந்தால் துறைமுகத்து அதிகாரியும் அதற்குக் கட்டுப்பட்டவர். கிளியரிங் ஏஜென்ட் சொன்னார் என்பது எங்கும் காப்பாற்றாது. பொறுப்பு இறக்குமதியாளர் பெயரில்தான்.

விற்பவரோடு போடும் ஒப்பந்தத்தில், ஆர்டர் கொடுத்த பிறகு வரி மாறினால் யார் ஏற்பது என்று ஒரு வாக்கியம் எழுதி வைக்க வேண்டும். இது இல்லாததால் நின்றுபோன வியாபாரங்கள் ஏராளம். எந்தத் தேதியின் விகிதம் பொருந்தும் என்பதையும் முன்பே பார்த்து வைக்க வேண்டும். ஆர்டர் தேதி இதற்கு உதவாது. சரக்கு உள்ளே வரும் தேதி அல்லது பத்திரம் தாக்கல் செய்யும் தேதிதான் வழக்கம். வரி அமலாகுமுன் கப்பல்களில் நெரிசல் கூடுவதும், கடை விலை உடனே ஏறாமல் பழைய இருப்பு தீர்ந்த பிறகு ஏறுவதும் இதன் விளைவு.

உடனே விற்காத சரக்கைச் சுங்கப் பிணைக் கிடங்கில் வைத்தால், வெளியே எடுக்கும்போது மட்டும் வரி கட்டினால் போதும். ஆனால் பல நாடுகளில் வெளியே எடுக்கும் நாளின் விகிதம்தான் பொருந்தும். ஏறும் என்று தெரிந்த வரிக்கு எதிராகக் கிடங்கு கேடயம் ஆகாது. மூலப்பொருளைக் கொண்டுவந்து பொருளாக்கி ஏற்றுமதி செய்தால், கட்டிய வரியைத் திரும்பப் பெறும் திட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 99 சதவீதம் வரை திரும்பும். எந்த இறக்குமதி எந்த ஏற்றுமதியில் போனது என்று பத்திரத்துக்குப் பத்திரம் காட்ட வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாமல் பணத்தை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

கட்டிய வரி பின்னால் ரத்தானாலோ, விலக்கு பின்தேதியிட்டுக் கிடைத்தாலோ, பணம் யார் பெயரில் கட்டப்பட்டதோ அவருக்குத்தான் திரும்பும். அதாவது இறக்குமதியாளருக்கு. நம் கணக்கில் விசிறிக்கு 4.40 அவரிடம் வந்து சேரும். கடையில் 7.15 கூடுதலாகக் கொடுத்து வாங்கிப்போனவரிடம் இருப்பது கடை ரசீது மட்டும். அதில் சுங்க வரி என்று ஒரு வரிகூட இருக்காது.